மூச்சுவழி



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபின், ஆலய முற்றத்தின் சிமெண்டுத் தரையில் ஓர் எண்ணெய்க் கறையைக் கண்டேன். உள்ளங்கையளவுதான் இருக்கும். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தேன். கந்தக நெடி மூக்கில் ஏறியது. ஊழியத்திற்கு வருமுன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துப் பட்டறையில் வேலை பார்த்த நாள்களில் என் சட்டையை விட்டுப் போகாதிருந்த அதே நெடி. அது இன்ஜின் ஆயில் அன்று, கியர் ஆயில். பற்கள் ஒன்றையொன்று அழுத்திச் சறுக்கும் இடத்தில் உலோகம் தேயாமலிருக்க அந்த எண்ணெயில் கந்தகச் சேர்மங்களைக் கலப்பார்கள்.

காலையில் அந்த இடத்தில் நின்றிருந்த வண்டியை உங்களில் பலர் பார்த்தீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடத்தை மறந்து அதைச் சுற்றி நின்றார்கள். தரையோடு தரையாகப் படிந்த, இருவர் மட்டும் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அதை ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தவர் நம் சபையின் இளைஞர் ஒருவர். வண்டி அவருடையதன்று, பழுது பார்க்க அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தக் கறையைக் குறித்தும், அது எனக்குக் காட்டிக்கொடுத்த என் பிழையைக் குறித்தும் இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். இதில் வரும் தகப்பனும் தாயும் மகனும் யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்துவிடும். பெயரை மறைத்தாலும் ஊர் சிறியது என்று அவர்களிடம் சொன்னேன். "தெரியட்டுமுங்க பாஸ்டர், எழுதுங்க" என்று மூவரும் சொன்னபிறகே எழுதத் துணிந்தேன்.

தறிச்சத்தம் கேட்டு வளரும் சோமனூரில் ஒரு பிள்ளைக்குப் பந்தயக் கார்மீது ஆசை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கோவை மோட்டார் பந்தயத்துக்குப் புதிய ஊரன்று. பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிய கரிவரதன் கோவைக்காரர்; 1995இல் வான்விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். இந்தத் தம்பியைச் சிறுவயதில் ஒருமுறை செட்டிபாளையத்துக்கு அழைத்துச் சென்று பந்தயம் காட்டியவர் அவருடைய அப்பாதான். படித்து முடித்துக் கோவையில் ஒரு பட்டறையில் சில ஆண்டுகள் தொழில் பழகியபின், ஊரிலேயே சொந்தமாகப் பட்டறை வைத்தார். இடம், அப்பாவின் பழைய தறிக்குடோன்.

அந்தக் குடோன் காலியானது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா இளமையில் ஒரு சைசிங் ஆலையில் பாய்லர் பார்த்தவர். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றி உலர்த்துவதற்கான நீராவியை அந்தப் பாய்லர்தான் கொடுக்கும். அந்த வேலையில் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி எட்டுத் தறிகள் போட்டார். பிறர் தரும் பாவை வாங்கிக் கூலிக்கு நெய்துகொடுக்கும் தொழில். 2022 சனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறியாளர்கள் தறிகளை நிறுத்தியதும், வாரக்கணக்கில் இந்த ஊர் சத்தமின்றிக் கிடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் அவருடைய எட்டுத் தறிகளும் முன்போல் ஓடவேயில்லை. கடைசியில் அவை பழைய இரும்பு விலைக்கு எடைபோடப்பட்டுப் போயின. மகன் அங்கே பட்டறை தொடங்கியபின் அப்பா ஒருநாளும் அந்தக் குடோனுக்குள் கால் வைக்கவில்லை. தகப்பனும் மகனும் பேசிக்கொள்வதும் நின்றுபோனது.

இனி வண்டிக்கு வருகிறேன். அது ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். தரையில் எண்ணெயைக் கண்டதும் பார்த்தவர்களெல்லாம் கியர்பாக்ஸ் போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவு வைக்கும் என்றார்கள். தம்பி கலங்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாகவும் நீர்த்தும் இருக்கும். தரையில் கிடந்ததோ கறுத்துத் தடித்துக் கந்தகம் நாறியது. அது பின்னால் இருக்கும் டிஃபரென்ஷியலின் எண்ணெய். வண்டி ஒன்றானாலும் இவை இரண்டும் தனித்தனி அறைகள்.

டிஃபரென்ஷியல் என்பது என்ன என்று சகோதரிகள் சிலர் கேட்டார்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். ஒவ்வொரு சக்கரமும் தனக்கு வேண்டிய வேகத்தில் சுழல விட்டு, இரண்டுக்கும் விசையைப் பகிர்ந்து கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். எண்ணெய் நிறைந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள் அது இருக்கும். பெட்டியின் இரு பக்கமும் இரண்டு தண்டுகள் சக்கரங்களை நோக்கிப் போகும். தண்டு வெளியேறும் வாயில் எண்ணெய் வழியாதிருக்க ஒரு வளையம் பொருத்தியிருப்பார்கள். அதுதான் ஆயில் சீல். வெளியே உலோகக் கூடு, உள்ளே ரப்பர் ஓரம், அந்த ஓரத்தைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய சுருள்கம்பி. அந்த ஓரத்தை மெக்கானிக்குகள் 'லிப்' என்பார்கள். உதடு என்றே பொருள்.

இடப்பக்கச் சீலின் உதடு வெப்பத்தில் இறுகி வெடித்திருந்தது. தம்பி முறைப்படி வேலை செய்தார். எண்ணெய் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்தி, அது திறக்கும் என்று உறுதி செய்துகொண்டபிறகே வடிக்கும் பிளக்கைத் தொட்டார். முதலில் வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே முடங்கும். தண்டை நெம்பி உருவினார். பழைய சீலைக் கூட்டில் கீறல் விழாமல் எடுத்தார். புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, கோணாமல் தட்டி இறக்கினார். தண்டின் பற்கள் புதிய ரப்பரைக் கிழித்துவிடாதபடி மெல்ல உள்ளே செலுத்தினார். அன்று அருகிலிருந்து டார்ச் பிடித்த எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் மீண்டும் கசிந்தது.

சீல் தரமற்றதாயிருக்கும் என்று விலை உயர்ந்த வேறொன்றை வரவழைத்தார். சீல் உரசும் இடத்தில் தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தார், இல்லை. மறுபடியும் மாற்றினார். வண்டியைப் பட்டறைக்குள்ளேயே அங்குமிங்கும் நகர்த்தியபோது ஒரு சொட்டும் இல்லை. நெடுஞ்சாலையில் ஓட்டித் திரும்பினால் மட்டும் கசிந்தது. வண்டியின் சொந்தக்காரர் பொறுமை இழந்தார். தம்பியின் முகம் வாடிப்போயிற்று.

அன்பானவர்களே, அதே நாள்களில் நானும் ஒரு கசிவை அடைக்க முயன்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு மாலை என் வீட்டிற்கு வந்து என் மனைவியிடம் அழுதார்கள். வீட்டில் எதற்கெடுத்தாலும் கூச்சல். சோற்றில் உப்புக் குறைந்தால் கூச்சல், பேரப்பிள்ளை சத்தமிட்டால் கூச்சல், கேட்கக் கூடாத சொற்கள். கைநீட்டியதில்லை என்றார்கள், ஆனால் அந்தச் சொற்களே போதும் என்றார்கள். நான் அவரைத் தனியே அழைத்துப் பேசினேன். நாவை அடக்குவதைக் குறித்து ஒரு போதகன் சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டார். இனி இல்லை என்று வாக்குக் கொடுத்தார். இரண்டு வாரம் வீடு அமைதியாயிருந்தது. பிறகு முன்னிலும் மோசமானது. மறுபடி அழைத்தேன். இம்முறை இன்னும் கண்டிப்பாகப் பேசினேன். சபையில் பொறுப்பு வகிப்பவர் இப்படி நடக்கலாமா என்று கேட்டேன். அவர் அழுதார். மறுபடியும் வாக்குக் கொடுத்தார்.

மூன்றாம் முறை தம்பி வண்டியைத் தூக்கியபோது நானும் பட்டறையில் இருந்தேன். இடப்பக்கம் மட்டும் ஜாக்கியால் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். பிரேக் பாகங்களைக் கழற்ற வேண்டியிருந்ததால் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியிருந்தார். அந்நேரம் குடோன் வாசலில் நிழல் விழுந்தது. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆகையால் மகனின் மதியச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அப்பாவே வந்திருந்தார்.

அவர் வாசலிலேயே சற்று நேரம் நின்றார். தறிகளைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் அறுந்த தலைகள் இன்னும் தரையில் வரிசையாய்த் தெரிந்தன. அவற்றைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து, போசியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த செங்கற்களை எடுத்துவந்து முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டக்கொடுத்தார்.

"பி-ல போட்டிருக்குதுங்கப்பா, நகராதுங்க" என்றார் மகன், வண்டிக்கடியிலிருந்து.

"எனக்கு அதெல்லாந் தெரியாது கண்ணு. இருக்கட்டும்" என்றார் அப்பா.

பல மாதங்களுக்குப்பின் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. தொழில் தெரிந்த மகனைவிட, காரைப்பற்றி ஒன்றும் தெரியாத தகப்பன் சொன்னதே சரி. ஆட்டோமேட்டிக் வண்டியைப் பி-யில் போட்டால் பூட்டப்படுவது கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்குப் போகும் நடுத்தண்டு மட்டுமே. பின்சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் இருந்தால், டிஃபரென்ஷியல் அதை ஒருபுறம் சுழலவிட்டு, தரையிலுள்ள சக்கரத்தை மறுபுறம் உருளவிடும். ஹேண்ட் பிரேக்கும் இல்லாத நிலையில் வண்டி நகர்ந்து ஸ்டாண்டிலிருந்து விழலாம். கீழே படுத்திருந்தது அவருடைய மகன். நானும் பழைய மெக்கானிக்தான். எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றிற்று.

அவர் போய்விடவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து, மகன் சீலைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "ஓட்டுனா இந்தப் பொட்டி சூடாகுமா?"

"நல்லாவே சூடாகுமுங்க."

"சூடானா உள்ள இருக்கிற காத்து எங்க போகும்? இதுக்கு மூச்சுப் போற வழி எங்கடா கண்ணு இருக்குது?"

மகன் பதில் சொல்லவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு மீண்டும் கீழே சரிந்தார். டிஃபரென்ஷியல் பெட்டியின் உச்சியில், கையெட்டாத மூலையில், விரல்நுனி அளவில் ஒரு சிறிய மூடி இருக்கும். பிரீதர் என்பார்கள். பெட்டி சூடாகி உள்ளே காற்று விரியும்போது வெளியே விடுவதும், குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே எடுத்துக்கொள்வதும் அதன் வேலை. அந்த வண்டியில் அந்த மூடியே கண்ணுக்குத் தெரியவில்லை. துருப்பிடிக்காமலிருக்கவும், பார்வைக்குப் புதிதாய் இருக்கவும் எவரோ வண்டியின் அடிப்பகுதி முழுவதும் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். அந்தப் பூச்சு மூச்சுவழியையும் சேர்த்து மூடிவிட்டது.

காரணம் அங்கே இருந்தது. 30 டிகிரியில் அடைபட்ட காற்று 100 டிகிரிக்குச் சூடானால், வெளியேற வழியில்லாதபோது அதன் அழுத்தம் ஏறக்குறைய கால்பங்கு கூடும். இரும்புப் பெட்டி அதைத் தாங்கும். ரப்பர் உதடு தாங்காது. அழுத்தம் பெட்டியை உடைப்பதில்லை, இருப்பதிலேயே மெல்லிய இடத்தைத் தேடி அதன் வழியே எண்ணெயைத் தள்ளுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. வண்டி நின்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, அதே காயப்பட்ட உதட்டின் வழியாக வெளியிலுள்ள தூசியையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கிறது. ஓடும்போது உள்ளிருப்பது கசிகிறது. ஓய்ந்திருக்கும்போது வெளியழுக்கு நுழைகிறது.

"பாய்லருல சேஃப்டி வால்வு அடைச்சிருச்சுன்னா பைப்புல ஒழுகற எடத்தை அடைச்சிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரு சொல்லுவாரு" என்றார் அப்பா.

தம்பி பூச்சைச் சுரண்டி மூடியைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, புதிய சீலையும் பொருத்தினார். எண்ணெய் நிரப்பி அவிநாசி வரை வேகமாக ஓட்டித் திரும்பினோம். இரவு வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்து வைத்தோம். காலையில் தாள் உலர்ந்திருந்தது. அதன்பின் அந்த வண்டி ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பைப்பில் ஒழுகும் இடத்தையே அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு முறை அந்தத் தகப்பனை அழைத்து அவருடைய உதட்டைப் பற்றியே பேசியிருந்தேன். உள்ளே எவ்வளவு சூடு, அது போக வழி எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்னாளின் கதையை நீங்கள் அறிவீர்கள். பிள்ளையில்லாத துயரத்தோடு அவள் ஆலயத்தில் நின்று வாய்க்குள்ளே மன்றாடினாள். ஆசாரியனாகிய ஏலி அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, குரல் வெளிவரவில்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கடிந்துகொண்டார். எத்தனையோ முறை அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் அன்னாளின் பக்கம் நின்றதாகவே எண்ணியிருந்தேன். ஏலியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று அன்றிரவுதான் அறிந்தேன். யோபுவின் புத்தகத்தில் வரும் எலிகூவும் தன் உள்ளத்தைத் திறப்பில்லாமல் அடைபட்ட திராட்சரசத்துக்கு ஒப்பிடுகிறான். புதிய துருத்தியானாலும் அது வெடிக்கும் என்கிறான். அடைபட்டதன் அழுத்தத்தை அக்காலத்தவரும் அறிந்திருந்தார்கள்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "இன்றைக்கு நான் ஒன்றும் சொல்ல வரவில்லைங்க. கேட்க வந்திருக்கிறேன்" என்றேன். வெகுநேரம் இருவரும் திண்ணையில் பேசாமல் இருந்தோம். பிறகு அவர் பேசத் தொடங்கினார். தறிகளைச் சம்மட்டியால் உடைத்து எடைபோட்ட நாளில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் எடை அது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். தறி போன பிறகும் கடன் போகவில்லை என்பதையும், அது எவ்வளவு என்பதையும் சொன்னார். அந்தத் தொகை அவர் மனைவிக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

"சபைல கணக்குப் பார்க்கிறவன், என் கணக்கே நிக்கலைன்னு யாருகிட்டீங்க பாஸ்டர் சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. மதிப்பு என்னும் கறுப்புப் பூச்சை நாம் அவர்மேல் அடித்திருந்தோம். சபையில் பொறுப்பு வகிப்பவர் இப்படி நடக்கலாமா என்று கேட்டேனே, அன்று நானும் அதன்மேல் இன்னும் ஒரு பூச்சு அடித்தேன். பார்வைக்குப் பளபளப்பாய் இருந்தது. மூச்சுவழி மூடிப்போனது.

அன்பானவர்களே, இங்கே இரண்டு காரியங்களைத் தவறாகப் புரிந்துகொள்ளாதிருங்கள்.

முதலாவது, மூச்சுவழியைத் திறந்தபின்னும் சீலை மாற்றத்தான் வேண்டியிருந்தது. அழுத்தம் குறைந்ததால் கிழிந்த உதடு தானே ஆறிவிடாது. அவருடைய பாரம் உண்மைதான். ஆயினும் அந்தப் பாரத்தின் பெயரால் மனைவிமீது வீசப்பட்ட சொற்கள் காயமாகவே இருந்தன. அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். "பாரமாயிருந்தது, அதனால் அப்படிப் பேசினேன்" என்று காரணம் சொல்லாமல், "அப்படிப் பேசியது தவறு" என்று மட்டும் சொன்னார். கடன் எவ்வளவு என்பதை அதன்பிறகு தனியே சொன்னார். கைநீட்டும் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே முதலில் செய்ய வேண்டியது அடிப்பவரின் பாரத்தைக் கேட்பதன்று, அடிபடுகிறவரைப் பாதுகாப்பது. அப்படி ஒரு வீட்டில் நீங்கள் இருந்தால், பொறுத்துப் போங்கள் என்று இந்தப் போதகன் சொல்லமாட்டான். எந்த நேரமும் எங்கள் கதவைத் தட்டுங்கள்.

இரண்டாவது, மூச்சுவழி என்பது மனத்தில் உள்ளதையெல்லாம் கண்டவர்மேல் கொட்டுவதன்று. பிரீதரைப் பெட்டியின் உச்சியில், எண்ணெய் எட்டாத உயரத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அதன் வழியே வெளியேறுவது காற்று மட்டும். எண்ணெய் உள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்யும். கோபத்தைக் கொட்டுவது எண்ணெயைக் கொட்டுவது போன்றது. பாரத்தைத் தகுந்தவரிடம் சொல்வதே மூச்சுவிடுவது. சிலருக்கு அது ஜெபம், சிலருக்கு ஒரு நண்பன், சிலருக்கு மருத்துவர். தூக்கமின்றியும் வாழ்வே வேண்டாமென்றும் தவிப்பவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அது அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண். அதை அழைப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், என்னிடம் வந்து பேசச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். கடன் இன்னும் இருக்கிறது. இப்போது மூவரும் உட்கார்ந்து மாதாமாதம் கணக்குப் பார்க்கிறார்கள். அவர் குரல் இன்னும் சில நாள் உயர்கிறது; உயர்ந்தால் எழுந்து பட்டறைக்கு நடந்துவிடுகிறார். அங்கே மகனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார். ஜாக்கியில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரத்தடியில் செங்கல் வைப்பது அவர் வேலையாகிவிட்டது. "பி-ல இருக்குது" என்று மகன் இப்போது சொல்வதில்லை.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். உங்கள் வீட்டிலோ, வேலையிடத்திலோ, நம் சபையிலோ, யாருடைய உதடு மறுபடியும் மறுபடியும் ஒழுகுகிறதோ, அவரை மனத்தில் நிறுத்துங்கள். அவரிடம் எத்தனை முறை "அப்படிப் பேசாதே" என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அதற்குப் பதிலாக, இந்த வாரம் ஒருமுறை, அவர் அருகில் உட்கார்ந்து, "உள்ளே என்ன சூடாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாதிருங்கள். ஒழுகும் உதடு உங்களுடையதானால், அந்தத் தொகையை, அந்தப் பயத்தை, அந்த நாளை, ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

ஆலய முற்றத்தின் கறையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழுவதும் போகவில்லை. மழை பெய்தால் கொஞ்சம் மங்கும். போகாவிட்டாலும் இருக்கட்டும். ஞாயிறுதோறும் உங்களை வரவேற்க வாசலில் நிற்கும்போது, அது என் காலடிக்கு நேராகத் தெரிகிறது.

உங்கள் யாவரையும் ஜெபத்தில் நினைக்கும்,
உங்கள் போதகர்